யூ.எஸ்.பி. கேபிளில் கம்பியின் தடிமனைக் குறிப்பிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திவருகிறேன். பழுது என்று என்னிடம் வரும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் வெப் கேமராக்களிலும் சில உண்மையில் பழுதாகாதவை. குறை, அவற்றோடு வாங்கிய நீளமான கேபிளில் இருக்கிறது.

சென்ற மாதம் கல்யாணப் படமெடுக்கும் ஒருவர் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க், 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டால் 'டிக், டிக்' என்று இரண்டு முறை ஒலித்துவிட்டு நின்றுவிடும். கேபிளை விற்ற கடையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, 5 வோல்ட் சரியாக வருகிறது என்று அனுப்பிவிட்டார்களாம். எதையும் இணைக்காத கேபிளில் மின்னோட்டம் இல்லாததால் எந்தக் கேபிளும் 5 வோல்ட்தான் காட்டும். டிஸ்க்கை இணைத்து, அது சுழலத் தொடங்கும்போது அதன் முனையில் நான் அளந்தபோது 4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது.

கணக்கு எளியது. மெல்லிய 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் 5 மீட்டர் கேபிள் 10 மீட்டர் கம்பியாகிறது. அரை ஆம்பியர் ஓடினாலே ஒரு வோல்ட் வழியில் தொலைந்துவிடும். அதுவே 24 கேஜ் கம்பியானால் இழப்பு 0.4 வோல்ட், 20 கேஜானால் 0.2 வோல்ட்டுக்கும் குறைவு (எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்). செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியாக இருந்துவிட்டால் இழப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் வரை அனுமதி உண்டே என்பார்கள். அந்த வரம்பு தரவைச் சுமக்கும் சமிக்ஞை போய்ச் சேரும் நேரத்தைக் கருதி வைத்தது; எவ்வளவு மெல்லிய கம்பியானாலும் மின்சாரம் குறையாமல் வரும் என்பதற்கு அது உத்தரவாதமாகாது. 'ஆக்டிவ்' கேபிள் என்று கூடுதல் விலைக்கு விற்பதும் சமிக்ஞையை மட்டுமே புதுப்பிக்கிறது, அதற்கான மின்சாரத்தையும் அதே கம்பியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கருவி இருக்கும் முனையில், தனி அடாப்டர் உள்ள ஹப் (பல யூ.எஸ்.பி. கருவிகளை இணைக்கும் சிறு பெட்டி) ஒன்றை வைப்பதே சரியான தீர்வு. அந்தப் படக்காரரின் டிஸ்க், அதே 5 மீட்டர் கேபிளின் முனையில் அப்படி ஒரு ஹப்பை வைத்த பிறகு இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது.

நல்ல கேபிள்களின் மேலுறையில் '28 ஏ.டபிள்யூ.ஜி./1பி, 24 ஏ.டபிள்யூ.ஜி./2சி' என்று பொடியெழுத்தில் இருக்கும் (ஏ.டபிள்யூ.ஜி. என்பது மேலே சொன்ன கேஜ்தான்). முதலில் வரும் 28 தரவுக் கம்பிக்குரியது; அடுத்து வரும் 24-தான் மின்சாரக் கம்பிக்குரியது. சந்தையில் பல கேபிள்களில் அதுவும் இல்லை. கம்பியின் தடிமனையும், அது முழுச் செம்பா முலாமா என்பதையும் அட்டைப்பெட்டியிலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதி வகுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
தஞ்சாவூர்.