நிழல் தெற்கே விழும் ஊரில்

மண்டபம்
பிப்ரவரி 22

அன்புள்ள காதர்,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். மகளுக்கு ராமநாதபுரத்திலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மீன்பாடு சுமார்தான். ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம், 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அதற்குள் நாலு காசு பார்த்துவிட வேண்டும் என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்புக்குப் பூமியும் வானமும் நடத்தும் வேலை உன் தலையில் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாய். கணக்கு வாத்தியாருக்கு அது ஒரு பாரமா! ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள். இந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் பார்க்கிற படங்களில் பாதி நம் ஊருக்காக வரைந்தவை அல்ல. நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று எழுதிப் படித்த பிள்ளை, ஜூன் மாதம் பள்ளி முற்றத்தில் நின்றால் நிழல் தெற்கே கிடக்கும். உன் பள்ளி இருக்கும் தொண்டி 9.7 டிகிரி வடக்கு அட்சரேகையில், சூரியன் 23.4 டிகிரி வரை வடக்கே போகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. ஆகவே படத்தைக் காட்டுமுன் ஒரு கம்பை நட்டுவிடு.

கம்பு தரைக்கு மேல் சரியாக 100 செ.மீ. இருக்கட்டும், கணக்கு சுலபம். நம் மணலில் நட்டால் இரண்டே நாளில் சாய்ந்துவிடும். பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவை கொட்டி நடுவில் நிறுத்திக்கொள். கொத்தனாரிடம் தூக்குகுண்டு வாங்கி இரண்டு பக்கத்திலிருந்தும் செங்குத்து பார். தரைக்கு ரசமட்டம் வை. நிழல் விழும் பக்கம் தரை சரிந்திருந்தால் நீளம் கூடியோ குறைந்தோ காட்டும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் மெல்லிய மூங்கில் ஆடிக்கொண்டே இருக்கும், முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் நல்லது. ஆனால் இரும்புக்குப் பக்கத்தில் காந்த ஊசியைக் கொண்டுபோகாதே, திசை தப்பும்.

திசைக்குக் காந்த ஊசியே தேவையில்லை. கம்பின் அடியை மையமாக வைத்து 50 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடு. காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்திலும், பிற்பகலில் வெளியேறும் இடத்திலும் ஒவ்வொரு புள்ளி. மார்ச் 20 வாக்கில் பத்தே முக்காலுக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அதற்குச் செங்குத்துக்கோடு வடக்கு தெற்கு. கம்பின் அடியிலிருந்து போகும் அந்த வடக்கு தெற்குக் கோட்டின் மேல் நிழல் வந்து நிற்கும் நேரம்தான் நம் உண்மையான நண்பகல்.

அது கடிகாரப் பன்னிரண்டுக்கு வராது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துப் போட்டது. தொண்டி 79 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்று 14 நிமிடம் பிந்தும். போதாததற்குப் பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுக்க ஒரே சீராக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் நண்பகல் 12.28 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.58-க்கே வந்துவிடும். மணி பார்த்துப் பன்னிரண்டுக்கு அளந்துவிட்டு "சார், வடக்கே விழாமல் கோணலாக விழுது" என்று ஒரு பிள்ளை வந்து நிற்பான். அவன் கண்ணில் கோளாறு இல்லை.

ஒரு மீட்டர் கம்புக்குத் தொண்டியில் வரவேண்டிய நண்பகல் நிழல்: மார்ச் 20-இல் வடக்கே 17 செ.மீ., ஏப்ரல் 14, 15 வாக்கில் பூஜ்யம், ஜூன் 21-இல் தெற்கே 24, ஆகஸ்ட் 27, 28-இல் மறுபடி பூஜ்யம், டிசம்பர் 21-இல் வடக்கே 65. ஏப்ரல் 14 விடுமுறை. பரீட்சை நேரம் வேறு. ஆகஸ்ட் நாள்தான் பள்ளிக்கு வாகு. மேகம் மறைத்தால் பதறாதே, மூன்று நாள் தள்ளி அளந்தாலும் நிழல் 2 செ.மீ.தான் இருக்கும். அன்றைக்குப் பள்ளிக் கிணற்றையும் எட்டிப்பார்க்கச் சொல்லலாம், அடித்தண்ணீரில் சூரியன் தெரியும். ஆனால் ஒரு நொடிதான், பிரதிபலிப்பும் கண்ணைக் கெடுக்கும்.

சூரியன் பக்கத்தில் வருவதால்தான் கோடை என்று பாதி வகுப்பு சொல்லும். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. நிழல் அட்டவணையை எதிரே மாட்டிவிட்டு இதைச் சொல், வாதமே வராது. இன்னொன்றும் கேட்பார்கள்: தை ஒன்றாம் தேதிதானே சூரியன் வடக்கே திரும்புகிறது? கம்பு நிழல் டிசம்பர் 21, 22-லேயே குறைய ஆரம்பித்துவிடும். பஞ்சாங்கத்தோடு சண்டை வேண்டாம், அளவை அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

பூமியின் சுற்றளவை அளப்பதுதான் இந்தக் கம்பு வேலையின் உச்சம். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர் நிழலை ஒப்பிட்டுக் கண்டது. நீயும் நானும் சேர்ந்து செய்யலாம் என்று எழுதியிருந்தாய். ஆகாது. மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நிழலில் ஒரு செ.மீ. வித்தியாசம்கூட வராது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலம். அதனால் நிழல் நுனி கத்தி வெட்டியதுபோல நிற்காமல் கிட்டத்தட்ட ஒரு செ.மீ.க்கு மங்கிக் கரையும். நம் வித்தியாசம் அந்த மங்கலிலேயே காணாமல் போகும். சென்னையில் இருக்கும் நம் செல்வத்தைப் பிடி. மார்ச் 20-இல் அவனுக்கு 23 செ.மீ. வரும். நிழலைக் கம்பு நீளத்தால் வகுத்து, டான் (tan) அட்டவணையில் கோணம் எடுத்துக் கழித்தால் சுமார் 3.3 டிகிரி. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் 370 கிலோமீட்டர். 360-ஐ 3.3-ஆல் வகுத்து 370-ஆல் பெருக்கினால் 40,000-ஐ ஒட்டி நிற்கும். பேருந்து போகும் தூரத்தைப் போட்டால் விடை ஊதிவிடும். சாலை வளைந்து போகிறது, நமக்கு வேண்டியது நேர் வடக்கு. நிழலில் 1 செ.மீ. பிசகினால் சுற்றளவில் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் கிலோமீட்டர் வரை தப்பும். அதனால் மங்கலின் நடுவைத்தான் குறிக்க வேண்டும், இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி. அவரவர் நண்பகலில் அளந்தால் போதும், ஒரே நிமிடம் வேண்டியதில்லை.

நிலாவுக்கு வருவோம். பூமியின் நிழல் மறைப்பதால் பிறை என்பது பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் உண்டு. சப்தமி அல்லது அட்டமி அன்று, வளர்பிறையில், மாலை நாலு மணிக்கு வகுப்பை வெளியே கூட்டிப்போ. நிலா கிழக்கே ஏறி நிற்கும், சூரியன் மேற்கே. கையில் ஒரு வெள்ளைப் பந்தை நிலா இருக்கும் பக்கமாக, வெயில் படும்படி நீட்டிப் பிடித்தால் பந்திலும் அதே பாதி ஒளிரும். சூரியன் இந்தப் பக்கம், நிலா அந்தப் பக்கம், நடுவில் பூமியின் நிழலுக்கு அங்கே வேலையே இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வகுப்பறையில் பல்பை வைத்துச் செய்தால் பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல். இல்லாவிட்டால் பௌர்ணமி நிலையில் தலை நிழல் விழுந்து ஒவ்வொரு முறையும் கிரகணமாகிவிடும். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை என்பதற்கு அதுவே பாடம். உன் கரை கிழக்கே பார்த்தது, அதுவும் வசதி. பௌர்ணமி மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்க, நிலா கடலிலிருந்து எழும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதம்.

அந்த 50 நிமிடம் கடலிலும் தெரியும். ஏற்றவற்றமும் நாளுக்கு நாள் அவ்வளவு பிந்தும். ஆனால் நம் பக்கம் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல்நீரில் நிற்கும் தூணில் அளவு போட்டுவைத்தால் ஒரு நாளைக் கொண்டு முடிவு சொல்லாதே. வாடை தண்ணீரைக் கரைக்குத் தள்ளும், எதிர்க்காற்று இழுத்துப்போகும். இரண்டு வாரம் தொடர்ந்து அளந்தால்தான் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றமும் அட்டமியை ஒட்டிய சின்ன ஏற்றமும் பிரிந்து தெரியும். ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதை வெட்டி ஒட்டி, அன்றைய திதியையும் காற்றையும் பக்கத்தில் எழுதச் சொல். சுனாமிப் பயம் பாதி அடங்கும்.

நீர்ச்சுழற்சி படத்தில் மழைநீர் மண்ணுக்குள் போவதோடு கதை முடிந்துவிடும். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது ஏன் என்று அங்கிருந்து தொடங்கு. மழைநீர் லேசு, உப்புநீர் கனம். மணலுக்குள் நல்ல நீர் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். மோட்டார் போட்ட கிணறு கரிப்பது இதனால்தான். கண்ணாடி டம்ளரில் காட்ட, லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கடல் அளவு போதாது, கலந்துவிடும். 100 கிராம் போட்டு நீலமை கலந்து, மேலே நல்ல தண்ணீரைக் கரண்டி முதுகில் மெதுவாக வழியவிடு. பிறகு ஸ்ட்ரா வைத்து மேல் நீரை மெல்ல உறிஞ்சு, அப்புறம் வேகமாக. இரண்டாவது தடவை நீலக்கோடு ஸ்ட்ராவுக்கு நேரே கூம்பாக எழும்பும்.

செல்வத்துக்கு இன்றே எழுதிவிடு, மார்ச் 20-க்கு நாள் அதிகமில்லை. அளவோடு நேரம், மேகம், காற்று மூன்றையும் குறித்து எனக்கும் ஒரு படி அனுப்பு. வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
சேசுராஜ்