ஊதுவோருக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்: திருகோணமலைக்கு புளூஸ் குழுக்களை அழைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். கச்சான் காலத்தில் உப்புவெளியும் நிலாவெளியும் பயணிகளால் நிறையும்போது, கடற்கரையில் மேடை போட்டு வெளிநாட்டுக் குழுவொன்றைக் கூப்பிடும் ஆசை உங்களுக்கு வருவது நல்ல விஷயம். புதிய அல்பம் வெளியிட்ட கையோடு நாடு நாடாகச் சுற்றும் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) குழுக்கள் பல உண்டு. ட்ரம்பெட், ட்ரொம்போன், சாக்சபோன் மூன்றையும் முன்னால் நிறுத்திப் பதிவுசெய்த குழுவை அழைப்பதாக இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் இதை ஒருதடவை வாசியுங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். காசு இறுகும்போது ஊதுவோரை முதலில் வெட்டாதீர்கள். மூன்று விமானச் சீட்டு, மூன்று அறை மிச்சம் என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்தைக் கீபோர்ட்டால் நிரப்பிவிடலாம் என்ற யோசனை வரும். அது சரிவராது. கீபோர்ட்டில் பித்தளைச் சத்தம் வரும். மூன்று பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் சுரத்தைத் தொட்டு, ஒரே நேரத்தில் வெட்டுகிற அந்தக் கடி வராது. ஊதுவாத்தியத்துக்காகவே செய்த அல்பத்தை அந்தக் கடி இல்லாமல் மேடையேற்றுவது ரசிகருக்குச் செய்யும் அநியாயம்.

புளூஸ் என்றதும் ஒற்றைக் கிற்றாரோடு ஒருவர் குந்தியிருக்கும் படமே பலருக்கு நினைவில் வருகிறது. ஆனால் 1912இல் புளூஸ் மெட்டொன்றை அச்சிட்டு ஊரறியச் செய்த டபிள்யூ. சி. ஹேண்டி, ட்ரம்பெட் போன்ற கொர்னெட் வாசிப்பவர். 1940களில் ஆட்டம் போடவைத்த லூயி ஜோர்டன் கையில் இருந்தது ஆல்ட்டோ சாக்சபோன். பாடகர் பொபி பிளாண்டின் பாட்டுகளுக்கு ஜோ ஸ்கொட் எழுதிய ஊதுவாத்தியப் பகுதிகளை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டுகளில் பாதிதான் மிஞ்சும். கிற்றார்காரர் பி. பி. கிங்கும் பல தசாப்தங்கள் ஊதுவோரைக் கூட்டிக்கொண்டே ஊர் சுற்றினார். உங்கள் கணக்குக்கு உதவக்கூடிய தகவலும் இந்த வரலாற்றில் இருக்கிறது: மெம்பிஸ் ஹோர்ன்ஸ் என்று பெயரெடுத்த வேய்ன் ஜாக்சனும் ஆண்ட்ரூ லவ்வும் இரண்டே பேர். ஒரு ட்ரம்பெட், ஒரு டெனர் சாக்சபோன். ஆகவே மூன்று பேருக்குக் கட்டாவிட்டால் இரண்டு பேரை வரவழையுங்கள். மூன்றாமவரை இங்கேயே தேடலாம். தேவாலயத் திருவிழா பாண்டிலும் பாடசாலை பாண்டிலும் வளர்ந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

உள்ளூர்க்காரரைச் சேர்ப்பதென்றால் இசைத்தாள் இரண்டு கிழமைக்கு முன்னரே கைக்கு வரவேண்டும். அதுவும் அவரவர் வாத்தியத்துக்கு எழுதிய தாள். கிற்றாரின் திறந்த தந்திகளுக்கு 3 கட்டையும் 6 கட்டையும், அதாவது ஈயும் (E) ஏயும் (A), வாய்ப்பானவை. ட்ரம்பெட்டிலும் சாக்சபோனிலும் தாளில் எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு. அதே 3 கட்டைப் பாட்டு ட்ரம்பெட்காரருக்கும் டெனர்காரருக்கும் தாளில் ஆறு ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றும் குறி) போட்டு வரும், ஆல்ட்டோவுக்கு ஏழு. நன்றாக வாசிப்பவரும் இடறும் இடம் இது. பாட்டை 6½ கட்டைக்கு, பி ஃபிளாட்டுக்கு, நகர்த்தினால் ட்ரம்பெட்டுக்கு ஒரு ஷார்ப்பும் இல்லை, ஆல்ட்டோவுக்கு ஒன்றே ஒன்று. 2½ கட்டையென்றால் ஆல்ட்டோவுக்கு ஒன்றுமில்லை, ட்ரம்பெட்டுக்கு ஒரு ஃபிளாட் (அரைச்சுரம் இறக்கும் குறி). ட்ரொம்போனுக்கு ஒலிக்கும் சுரத்திலேயே, பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த சுரங்களுக்கான குறியீட்டில்) எழுதவேண்டும். ட்ரம்பெட் தாளைப் பிரதியெடுத்துக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. எந்தப் பாட்டு எந்தக் கட்டை என்று குழுவிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டால் போதும், பதில் வரும்.

உள்ளூர் நாதஸ்வரத்தையும் ஒரு பாட்டுக்குச் சேர்க்க நீங்கள் விரும்பக்கூடும். சேருங்கள், ஆனால் கட்டையைத் தீர்மானிப்பது நாதஸ்வரம்தான். சீவாளியை மாற்றியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் சுருதியைச் சிறிதளவே நகர்த்தலாம். 2½ கட்டை நாதஸ்வரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்: தந்திகளை அரைச்சுரம் இறக்கி வாசிக்கும் புளூஸ் கிற்றார்காரர் ஈ பிடித்தால் ஒலிப்பது அதே 2½ கட்டைதான், சாக்சபோன்களுக்கும் அது இலகு. ஒத்திகைக்கு முன் ட்யூனரை வைத்து நாதஸ்வரத்தின் ஆதார சட்ஜத்தை அளந்து, எத்தனை சென்ட் (அரைச்சுரத்தில் நூறிலொரு பங்கு) கூட, எத்தனை சென்ட் குறைவு என்று குழுவுக்கு எழுதி அனுப்புங்கள்.

இனி எங்கள் ஊர் வெயில். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு பாகை சூடேறினால் சுருதி 3 சென்ட் அளவில் ஏறும். 22 பாகையில் ஏசி ஓடும் அறையிலிருந்து 32 பாகை மேடைக்கு வந்தால், வாசிப்பவரின் மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடுசெய்தாலும், 20 சென்டுக்கு மேல் விலகல் வரலாம். கிற்றார் தந்தியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் முதல் பாட்டே புளித்துவிடும். ஏசி அறையில் சுருதி சேர்க்க விடாதீர்கள். மேடைக்குப் பின்னால் நிழலும் காற்றோட்டமும் உள்ள ஒரு பந்தல் போதும். நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னர் வாத்தியங்கள் அங்கே வந்து, ஊதிச் சூடாக்கிய பிறகு சுருதி சேர்க்கப்படட்டும். ட்ரம்பெட்டின் ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்கும் இழுகுழாயை) ஒரு சென்ரிமீற்றர் வெளியே இழுத்தால் 20 சென்டுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும்; அந்தளவு இழுக்க இடம் இருக்கவேண்டும். இறுகிக் கிடக்கும் ஸ்லைடோடு மேடையேறினால் தப்ப வழியில்லை.

வெயிலைவிடக் கெட்டது மணல். ட்ரொம்போனின் உட்குழாயும் வெளிக்குழாயும் மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. ஒரு மணல் துகள் புகுந்தால் கீறல் விழும். பிறகு எத்தனை எண்ணெய் போட்டாலும் அது வழுக்காது. டச்சுக்குடாப் பக்கமானாலும் நிலாவெளியானாலும், மேடையின் பலகைக்கு மேல் கம்பளம், ஏறும் படியடியில் காலைத் தட்ட ஒரு சாக்கு, வாத்தியப் பெட்டிகளை வைக்கத் தரையிலிருந்து உயர்ந்த மேசை, பின்பக்கம் படங்கு: இவ்வளவும் கட்டாயம். சாக்சபோன் ஸ்ராண்டின் காலுக்கு மணல்மூட்டை வையுங்கள், தாள்களுக்கு உடுப்புக் கிளிப். வாசித்து முடிந்ததும் துடைக்க நல்ல தண்ணீரும் பருத்தித் துணியும் வேண்டும். உப்புப் படிந்த பித்தளையை அப்படியே பெட்டியில் பூட்டினால் விரைவில் பச்சை பிடிக்கும்.

மேடையில் ட்ரொம்போன்காரருக்கு முன்னால் இரண்டு மீற்றர் காலியாக இருக்கட்டும். அவருடைய குழல்வாய் (ஒலி வெளிவரும் விரிந்த முனை) இடப்பக்கம், நீளும் ஸ்லைட் வலப்பக்கம். மைக் ஸ்ராண்டை அவரின் இடப்பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள். நேரெதிரே நட்டால் முதல் இழுவையிலேயே இடிக்கும். ட்ரம்பெட்டுக்கு எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக், குழல்வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே சரித்து. சாக்சபோனில் பலரும் மைக்கைக் குழல்வாய்க்குள் திணிக்கிறார்கள். அப்படிச் செய்தால் கீழ்ச்சுரங்கள் இடிக்கும், மேல்சுரங்கள் காணாமற்போகும், ஏனென்றால் அந்தச் சுரங்கள் திறந்திருக்கும் துளைகள் வழியாகவே பெரும்பாலும் வெளிவருகின்றன. குழல்வாய்க்கும் விரல்களுக்கும் நடுவே பார்த்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் முழு வாத்தியமும் கேட்கும். எல்லா மைக்குக்கும் தடித்த ஸ்பொஞ் உறை போடுங்கள். மிக்சரில் காற்றின் உறுமலை வெட்ட, ட்ரம்பெட்டில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழும் டெனரில் 100க்குக் கீழும் ட்ரொம்போனில் 80க்குக் கீழும் குறைத்துவிடலாம். வழக்கமாக வாசிக்கும் சுரம் எதுவும் போகாது.

மூவருக்கும் குறைந்தது இரண்டு மொனிற்றர் (வாசிப்பவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி) வேண்டும். இதில் மிச்சம் பிடிப்பதுதான் மிகப் பெரிய பிழை. தன் சத்தம் தனக்குக் கேட்காவிட்டால் ஊதுபவர் இன்னும் பலமாக ஊதுவார். அரைமணி நேரத்தில் உதடு சோர்ந்து மேல்சுரம் உடையும். அதற்குப் பிறகு எந்த மிக்சராலும் காப்பாற்ற முடியாது. ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் வாசிக்கச் சொல்லாமல், 45 நிமிடப் பகுதி இரண்டும் நடுவில் 20 நிமிட ஓய்வுமாக வையுங்கள்.

மின்சாரத்தில் அமெரிக்கக் குழுக்களுக்கு வரும் சிக்கல் வேறு. அவர்களுடைய கிற்றார் அம்புகள் (அம்ப்ளிஃபையர்கள்) 120 வோல்ட், எங்களுடையது 230. இரண்டு வால்வ் அம்புக்கு 1000 விஏ (வோல்ட்-அம்பியர்) மின்மாற்றி வையுங்கள், அதில் எர்த் தொடர்கிறதா என்று மீற்றரால் பாருங்கள். பழைய ஹமண்ட் ஓகனைக் கொண்டுவந்தால் மின்மாற்றி மட்டும் போதாது. அந்த மின் ஓகனில் ஒலியெழுப்பும் சக்கரங்களைச் சுற்றும் மோட்டார் 60 ஹேர்ட்ஸுக்கு அமைந்தது. எங்கள் 50 ஹேர்ட்ஸில் அது மெதுவாகச் சுற்றி, முழு ஓகனும் மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும். அலைவெண்ணை மாற்றும் கருவி கிடைக்காவிட்டால் ஓகன் பகுதிக்கு ஒரு நல்ல கீபோர்ட் போதும் என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இடத்தில் கீபோர்ட் பொருந்தும். ஜெனரேற்றரில் ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி வழி வேண்டும். கிற்றார் அம்பும் மைக்குகளும் ஒரே வழியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மைக்கில் உதடு பட்டதும் ஷொக் அடிக்கக்கூடும். எர்த் கம்பியை உலர்ந்த மணலில் குத்திவைத்தால் பயனில்லை. ஈரம் தட்டும் ஆழம்வரை இறக்குங்கள்.

ஒலிபெருக்கி அனுமதி பொலிஸாரிடம் பெறவேண்டும். இரவு 10 மணியோடு ஒலிபெருக்கி நிற்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டிருந்ததால், 7 மணிக்குத் தொடங்கி 9.30க்கு முடிப்பதாகத் திட்டமிடுங்கள். நகருக்குள் நடத்தினால் அருகிலுள்ள கோயிலின் மாலைப் பூசை நேரத்தைக் கேட்டு, சவுண்ட்செக்கை அதற்கு முன்னரே முடித்துவிடுங்கள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். குழுவை முதல்நாளே கொண்டுவந்து சேர்த்தால்தான் உதடும் உடம்பும் ஆறும்.

இன்னொன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: மறுநாள் காலை இரண்டு மணித்தியாலம் ஊதுவோர் மூவரும் பாடசாலை பாண்ட் பிள்ளைகளோடு இருக்கவேண்டும். முதல் அரைமணி நீண்ட சுரம் ஊதும் பயிற்சி, பிறகு 6½ கட்டையில் 12 பார் (தாளச் சுற்று) புளூஸ், அதற்கு மேல் இரண்டு பார் நீளத்தில் மூன்று சிறு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு). அவ்வளவும் காதாலேயே பிடிக்கக்கூடியவை. பிள்ளைகளின் ட்ரம்பெட்டுகளில் மௌத்பீஸ் (உதடு வைத்து ஊதும் முனை) இறுகிக் கிடப்பது சாதாரணம். அதைக் குறட்டால் முறுக்கி எடுக்கப் போனால் குழாயின் ஈயப்பற்று விட்டுவிடும். டிக்கெட் வருமானத்தில் ஒரு மௌத்பீஸ் புல்லர் (இறுகிய மௌத்பீஸைக் கழற்றும் கருவி), வால்வ் எண்ணெய் ஒரு டசின், ஸ்லைட் கிறீஸ் நான்கு, இரண்டரை நம்பர் சாக்சபோன் ரீட் இரண்டு பெட்டி வாங்கி அன்றைக்கே பாடசாலையிடம் ஒப்படையுங்கள். புல்லரை எப்படிப் பூட்டுவது என்று வந்திருக்கும் ட்ரம்பெட்காரரே காட்டிக்கொடுப்பார்.

இப்படிக்கு,
திருகோணமலையில் ஊதுவாத்தியம் வாசிப்போரும் ஒலியமைப்புச் செய்வோரும்