ரெக்கார்டு நோட்டில் ஒட்டப்படும் கல்வித் தொழில்நுட்பம்

பி.எட். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கும் கல்வியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் சமூக அறிவியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். கல்வித் தொழில்நுட்பம் என்ற பெயரில் எங்களுக்குச் சொல்லித்தரப்படுவதையும், அதற்கு மதிப்பெண் போடப்படும் முறையையும் மாற்றியமைக்கக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்: கல்வி சார்ந்த இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வண்ணத்தில் பிரின்ட் போட்டு, ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, கீழே நான்கு வரி பயன்களை எழுதி ஒப்படைக்கிறோம். போன ஆண்டு மாணவர்களின் கோப்புகள் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைப்பதால், பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் போதும். இந்தத் தாளில் எங்கள் எல்லாரையும்விட அந்தக் கடைக்காரர்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கத் தகுதியானவர்.

வகுப்பறையில் தேவைப்படுவது வேறு. கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில், கற்பித்தல் பயிற்சியின்போது என் தோழி ஆறாம் வகுப்புக்கு அட்சக்கோடு, தீர்க்கக்கோடு நடத்தினாள். நான் பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்கினேன். பள்ளியின் ப்ரொஜெக்டரில் பூமி அழகாகச் சுழன்றது. பிள்ளைகளும் அழகாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் தன் கைப்பேசியில் வகுப்பறை இருக்கும் இடத்தின் அட்சத்தைக் காட்டினாள், ஏறத்தாழ 11.75 என்று வந்தது. அப்போது ஒரு மாணவன் எழுந்து, தன் அப்பாவின் படகிலுள்ள ஜிபிஎஸ்ஸில் கரைக்கு வரும்போது 11 டிகிரி 45 என்றுதான் வரும் என்றும், டீச்சரின் போன் தப்பாகக் காட்டுகிறது என்றும் சொன்னான்.

இரண்டும் சரிதான். ஒரு பாகைக்கு, அதாவது டிகிரிக்கு, 60 கலைகள் (மினிட்). அதில் முக்கால் பங்கு, அதாவது 0.75, 45 கலை. தசமப் பின்னமும் கோணமும் மணிக்கணக்கும் புவியியலும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் அது. என் தோழி ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனாள். அதன்பின் அரைமணி நேரம் அந்த வகுப்பில் யாருமே வெளியே பார்க்கவில்லை. ஆனால் அன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் இருந்த கேள்வி, மின்னணுக் கருவி பயன்படுத்தப்பட்டதா, ஆம் அல்லது இல்லை என்பது மட்டுமே. கருவியை எந்த நொடியில் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததே, அதற்கு அந்தப் படிவத்தில் ஓர் இடமும் இல்லை.

குறிப்பிட்ட செயலிகளைப் பழக்குவதே போதும் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. 2017-இல் ஒன்றிய அரசின் இணையவழிக் கற்றல் தளமான திக்‌ஷா வந்தது. 2018-இல் தமிழகப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் வந்தன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி. நாங்கள் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் எத்தனையோ வரும், போகும். எங்களில் சிலர் புதுச்சேரித் தனியார் பள்ளிகளுக்கு வேலைக்குப் போவார்கள்; எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் பாடத்திட்டமே வேறாக இருக்கலாம். செயலி மாறினாலும் பாடநூல் மாறினாலும் கூடவே வருவது, இந்தப் பாடத்தின் இந்தக் கருத்துக்கு இந்தக் கருவி தேவையா என்று எடைபோடும் பழக்கம்தான்.

மின்சாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011-இல் தானே புயல் கரையைக் கடந்த பகுதி இது. அத்தகைய நாட்களை விட்டுவிட்டாலும், சாதாரண நாளில் இணையம் நடுவில் நின்றுபோவது எங்களுக்குப் புதிதன்று. காணொளியை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பதும், ஒரே கைப்பேசியைக் கொண்டு நாற்பது பிள்ளைகளுக்குக் குழுவாக வேலை கொடுப்பதும் பயிற்சியால் வரும் திறன்கள். அவை எந்த ரெக்கார்டிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடம் நடத்தியதற்குச் சான்றாகப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் காணொளிகளையும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. அச்சட்டத்தில் விலக்குகள் இருக்கலாம். ஆயினும் ஆசிரியராகப் போகிறவருக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரமாவது வகுப்பு எடுக்காமல், படத்தை மட்டும் கேட்பது முறையன்று.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது, இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி சேர்ந்தது. ஸ்கிரீன்ஷாட் ரெக்கார்டை நீக்கிவிட்டு, அதற்குரிய மதிப்பெண்ணை அந்த வாரங்களுக்குள் கொண்டுவாருங்கள். ஒரே பாடத்தை ஒரு பிரிவில் கருவியோடும் இன்னொரு பிரிவில் கருவியில்லாமலும் நடத்தச் சொல்லி, பிள்ளைகளின் விடைத்தாள்களை அருகருகே வைத்து, எது எங்கே உதவியது, எங்கே இடைஞ்சலானது என்று எங்களை எழுதச் சொல்லுங்கள். வழிகாட்டி ஆசிரியர் அதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். ஆம், இல்லை என்ற அந்தக் கட்டத்துக்குப் பதிலாக, ஏன் பயன்படுத்தினீர், எப்போது நிறுத்தினீர் என்ற இரண்டு கேள்விகள் இருந்தால் போதும். வரும் கல்வியாண்டுக்கான மதிப்பீட்டுப் படிவம் அச்சுக்குப் போகுமுன் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி,
கடலூர்.