இரவு 8 மணிக்கு ஒருமுறை வாருங்கள்

மதிப்பிற்குரிய தொழிலாளர் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவி 90 அடி சாலையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் கடைக்கு வந்தீர்கள். என்னிடம் வேலை பார்க்கும் 16 வயதுப் பையனின் பதிவேட்டைக் கேட்டீர்கள், காட்டினேன். பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை எல்லாம் அதில் இருந்தது. வார விடுமுறை அறிவிப்பு மட்டும் கண்ணில் படும்படி இல்லை என்று குறித்துக்கொண்டீர்கள். சரி, தப்புதான். நகைக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் அதை மறைத்துவிட்டது.

அவனை வேலைக்கு வைத்த 30 நாளுக்குள் உங்களுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அதனால்தான் என் முகவரி உங்களிடம் இருக்கிறது. எழுதிக் கொடுக்காதவரை எந்த முகவரியில் தேடுவீர்கள்?

நாலு கடை தள்ளி ஒரு மெஸ். அங்கேயும் அதே வயதில் ஒரு பையன், தென்காசிப் பக்கம். நீங்கள் வந்த நேரத்தில் அவன் பரணில் மைதா மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான். விடியற்காலை நாலு மணிக்கு கிரைண்டர் போட எழுந்தவன். காலைக் கூட்டம் ஓய்ந்து மதியச் சாப்பாடு தொடங்கும்வரைதான் அவனுக்கு ராத்திரி. அப்புறம் இரவு பதினொரு மணிவரை இட்லித் தட்டும் அண்டாவும் தேய்ப்பான். ஒருநாள் நான் ஷட்டர் இறக்கும் நேரத்தில் வந்து, “அண்ணாச்சி, காலுக்குப் போட ஏதாச்சும் இருக்கா?” என்றான். ஈரத்திலேயே நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். செருப்பு மாட்ட முடியாமல் குதிகாலை ஊன்றி நடந்து வந்திருந்தான். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கொடுத்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்றேன். சிரித்தான்.

அவன் முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். “பதினாலு தாண்டியாச்சே அண்ணாச்சி, அப்புறம் என்ன?” என்கிறார். உங்களுக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. 18 ஆகும்வரை இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1 மணி நேர ஓய்வு. ஓய்வும் வேலைக்காகக் காத்திருப்பதும் சேர்த்து மொத்தமே 6 மணி நேரம். ஓவர்டைம் கிடையாது. ஏழு மணிக்கு மேல் நடப்பதைப் பதினொன்றரை மணி வெயிலில் வந்து எப்படிப் பார்ப்பது? இரவு 8 மணிக்கு வாருங்கள் ஐயா.

ஜூன் 12 வந்தால் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு ஊர்வலம் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடிக்கிறார்கள், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். அந்த ஊர்வலமும் காலையில்தான். சட்டம் மீறுகிறவர்கள் அலுவலக நேரத்தில் மீற வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மெஸ்காரர்மேல் எனக்குப் பகை இல்லை, அவர் கடை இட்லிதான் தினமும் சாப்பிடுகிறேன். பையனை ரயிலேற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் அவன் சம்பளத்தை நம்பி வீடு இருக்கிறது. அவன் வேலையை ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, சம்பள பாக்கியையும் வாங்கிக் கொடுங்கள்.

தயவுசெய்து ஒருமுறை இரவு 8 மணிக்கு வாருங்கள். என் கடை ஒன்பதரை வரை திறந்திருக்கும். என் கடைப் பையன் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பான். விடுமுறை அறிவிப்பைக் காலண்டருக்கு மேலே மாட்டிவிட்டேன், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாத்திரக் கடைக்காரன்