பாஸ்டன் ஷூ தைப்பவருக்கு ஒரு கடிதம்

ஐயா ஜார்ஜ் ராபர்ட் ட்வெல்வ்ஸ் ஹியூஸ் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்திலேயே உங்களைச் சந்தித்திருக்கிறேன், நீங்கள்தான் என்று தெரியாமல். ‘பாஸ்டன் தேநீர் விருந்து - சிறுகுறிப்பு வரைக’ என்ற கேள்விக்குள் நீங்கள் ஒளிந்திருந்தீர்கள். விருந்து என்றதும் யாரோ யாருக்கோ பரிமாறியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அமெரிக்கா பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த காலத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கலகம், ஒருவரும் ஒரு வாய் குடிக்காத விருந்து அது என்று அப்புறம்தான் புரிந்தது.

காரணங்களை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தோம். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் பிரிட்டனுக்குக் கடன் ஏறியது. அதற்காக 1765இல் முத்திரைச் சட்டம், 1767இல் கண்ணாடி, காகிதம், தேயிலை மீது வரி. நாடாளுமன்றத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாமல் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று குடியேற்றக்காரர்கள் கேட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் உங்களுக்கு இதெல்லாம் எங்கே உறைத்தது? சொத்து கிடையாது. துணி வாங்கிய கடனுக்குச் சிறைக்குப் போனவர் நீங்கள். பத்திரம் எழுதவும் வழக்குப் போடவும் முத்திரைத் தாள் வாங்கும் கூட்டம் வேறு.

அதிலும் இளவயதில் நீங்கள் சேரப் போனதே பிரிட்டிஷ் ராஜாவின் படையில்தான். ஐந்தடி ஒரு அங்குலம், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஷூவுக்குக் குதிகாலை உயர்த்திக்கொண்டு மறுபடி போய் நின்று மாட்டிக்கொண்டீர்கள். தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை!

ஜான் ஹான்காக் கதைதான் எனக்கு மறக்கவே மறக்காது. பாஸ்டனின் பெரும் பணக்காரர். அவருடைய ஷூவை நீங்கள் தைத்துக் கொடுத்ததில் மகிழ்ந்து, புத்தாண்டு அன்று வீட்டுக்கு வரச் சொன்னார். நடுங்கிக்கொண்டே போனீர்கள், மனப்பாடம் செய்த வாழ்த்தை ஒப்பித்தீர்கள், கையில் ஒரு காசோடு திரும்பினீர்கள்.

பிறகு 1768இல் ஊருக்குள் பிரிட்டிஷ் பட்டாளம் இறங்கியது. சுமார் பதினாறாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் தெருவுக்குத் தெரு சிவப்புச் சட்டை. ஓய்வு நேரத்தில் அவர்கள் குறைந்த கூலிக்கு வேலை பார்த்து, உள்ளூர்க்காரர் பிழைப்பில் கை வைத்தார்கள். கேப்டன் பிரெஸ்டனுக்கு என்று சொல்லி ஒரு சிப்பாய் உங்களிடம் ஷூ வாங்கிப் போய்க் காசு தரவில்லை. நேரே பிரெஸ்டனிடமே போய்ப் புகார் சொன்னீர்கள். அந்தச் சிப்பாய்க்கு நூற்றுக்கணக்கில் கசையடி என்று தெரிந்ததும், ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று வருந்தினீர்கள். அதே பிரெஸ்டனின் சிப்பாய்கள்தான் 1770 மார்ச் 5 இரவு கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். செத்தவர்கள் ஐந்து பேர். அதில் ஜேம்ஸ் கால்டுவெல் சரிந்தது உங்கள் கைகளில். நாடாளுமன்றமும் அதன் சட்டமும் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

1773 தேயிலைச் சட்டம் மாணவனாக என்னைக் குழப்பிய விஷயம். விற்காத சரக்கு மலைபோல் குவிந்து தள்ளாடிய கிழக்கிந்தியக் கம்பெனி, நேரடியாக அமெரிக்காவில் விற்கலாம் என்றார்கள். விலை ஏறாது, குறையும். இதற்குப் போய்க் கலகமா? ஆனால் ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு மூன்று பென்னி வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவு என்று வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கள்ளத்தனமாக டச்சுத் தேயிலை விற்ற வியாபாரிகளுக்கும் வயிற்றில் அடி, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்ததும் அதே கம்பெனிதான். ஆனால் நீங்கள் கொட்டியது இந்தியத் தேயிலை இல்லை, சீனத்து இலை.

டிசம்பர் 16 இரவு கொல்லன் பட்டறையில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கிரிஃபின் துறைக்குப் போனீர்கள். மூன்று கப்பல்கள், 342 பெட்டிகள். நன்றாக விசில் அடிப்பீர்கள் என்பதற்காக உங்களை ஒரு பொறுப்பில் வைத்தார்கள். கப்பல் தலைவரிடம் சாவியும் ஒரு டஜன் மெழுகுவர்த்தியும் கேட்டு வாங்கினீர்கள். கோட்டு உள்துணிக்குள் தேயிலையை அள்ளித் திணித்த ஓக்கானர் என்பவரை நீங்கள்தான் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தீர்கள். மறுநாள் காலையில் மிதந்துகொண்டிருந்த தேயிலையைப் படகில் போய்த் துடுப்பால் அடித்து அமுக்கினார்களாம். ஒரு சிட்டிகைகூட யாருக்கும் உதவக் கூடாது!

ஒரே பெட்டியை ஹான்காக்கும் நானும் சேர்ந்து உடைத்தோம் என்று முதுமையில் சொன்னீர்கள். வரலாற்றாசிரியர்கள் நம்பவில்லை. அவர் அங்கே வந்திருக்க வாய்ப்பில்லைதான். ஆனால் அவர் முன்னால் நடுங்கிய பையன், பத்துப் பதினொரு வருஷத்தில் அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறானே, எனக்கு அது போதும்.

அடுத்த மாதமே சுங்க அதிகாரி மால்கம் ஒரு சிறுவனை மிரட்டுவதைத் தட்டிக்கேட்டு, கைத்தடியால் மண்டையில் வாங்கினீர்கள். கூட்டம் அவருக்குத் தாரும் இறகும் பூசி, அந்தக் குளிரில் வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டது. நீங்கள் போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினீர்கள். இதை எந்தச் சிறுகுறிப்பிலும் நான் எழுதியதில்லை.

மற்றது வேகமாக நடந்தது. 1774 ஜூனில் தேயிலைக்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தைப் பிரிட்டிஷார் பூட்டினார்கள், 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, 1776 ஜூலையில் விடுதலைப் பிரகடனம். நீங்களும் கடலிலும் கரையிலும் போருக்குப் போனீர்கள். நடுவில் ‘ஹான்காக்’ என்ற பெயருள்ள கப்பலிலேயே சேர்ந்தீர்கள். தெருவில் எதிர்ப்பட்ட அதிகாரி, தொப்பியைக் கழற்றி மரியாதை செய் என்றார். எவனுக்கும் கழற்ற மாட்டேன் என்று அந்தக் கப்பலையே விட்டுவிட்டு வேறு கப்பலுக்குப் போனீர்கள். நம் பக்கத்தில் தோள் துண்டை இடுப்பில் கட்டச் சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன்.

போர் முடிந்தும் வறுமை விடவில்லை. 1840 வரை இருந்தீர்கள், அதே தொழிலில், பெரிய குடும்பத்தோடு.

கேட்க ஒன்று இருக்கிறது. அன்றிரவு உங்களோடு வந்த தாமஸ் மெல்வில் வீட்டுக்குப் போய் ஷூவை உதறியதில் விழுந்த தேயிலையைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்தார்கள், இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் ஷூவில் எவ்வளவு இருந்தது, ஐயா?