ஆப்பச்சோடா தண்ணீர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு பதிப்பின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், ஆப்பச்சோடா நாம் சாப்பிடும் பொருள்தானே, செடிக்கு எவ்வளவு தெளித்தாலும் கெடுதல் இல்லை என்று போட்டிருந்தீர்கள். அந்த 'எவ்வளவு தெளித்தாலும்' என்பதை நம்பித்தான் ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று கரண்டி கரைத்து, இலையில் வெள்ளைப் பூஞ்சை படியும் சாம்பல் நோய் கண்ட என் வெள்ளரிக்கொடிக்கு உச்சிவெயிலில் அடித்தேன். இரண்டாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. பிஞ்சுகள் வெம்பி விழுந்தன.

தக்காளி வேரில் ஒரு கரண்டி போட்டால் பழம் இனிக்கும் என்றும் அதே கட்டுரை சொன்னது. அதையும் செய்தேன். செடி வாடியதுதான் மிச்சம். பழத்தின் இனிப்பு ரகத்தாலும் வெயிலாலும் வருவது, சோடாவில் இருக்கும் சோடியம் தொட்டி மண்ணில் தங்கி வேரைக் கெடுக்கும் என்று விவரம் தெரிந்த என் மருமகன் பிறகு சொன்னார். இலையில் தெளிப்பதற்கும் அளவு உண்டாம்: லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி சோடா, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, வெயில் இல்லாத நேரம், முதலில் ஓர் இலையில் மட்டும். அதுவும் நோய் பரவாமல் தடுக்குமே தவிர, வந்ததைப் போக்காது. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா ஐயா?

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இதே வகை வெள்ளைப் பூஞ்சை வரும். அதற்குக் கந்தகத் தூளைக்கூட அளவு பார்த்துத்தான் தூவினார்கள். ஆனால் என் அம்மா முதுகில் பம்பு மாட்டிப் புல்லுக்கு மருந்து அடித்தபோது, "தண்ணி மாதிரிதாம்மா, பயப்படாதே" என்றார்கள். கையுறை கிடையாது. அம்மாவின் நகங்கள் நிறம் மாறிப் பிளந்து கிடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி மலேசியாவில் முழுசாகத் தடையாக 2020 வரை ஆயிற்று. சோடாவை அதோடு சேர்க்க முடியாது, சரி. ஆனாலும் 'கெடுதல் இல்லை' என்று யாராவது சுலபமாக எழுதினால் எனக்கு அம்மாவின் கைதான் கண்ணில் நிற்கிறது.

உங்கள் பக்கத்தில் எப்போதும் குளிர்நாட்டுச் செடிகள்தான். எங்கள் பீர்க்கங்காய், பாகற்காய்ப் பந்தல் பற்றி இரண்டு முறை எழுதி அனுப்பினேன். போடவில்லை, பதிலும் இல்லை. இருபது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கும் வாசகிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். சரியான அளவை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். என் பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கட்டுரையை வெட்டி ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.