கருகிய சுருளும் நம் பழைய வாதமும்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். ஐந்து மாதங்களாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் தவறுதான். நேற்று என் கண்ணெதிரே ஒரு ரிலேயின், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சின், சுருள் கருகியது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

24 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்துக்கென்று செய்த சுருள் அது. வோல்ட் அளவு ஒன்றுதானே என்று நேர்திசை மின்வழங்கியில் இணைத்துவிட்டேன். வார்னிஷ் வாடை எழுந்த பிறகே விபரீதம் புரிந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு ரிலேயை, ஆர்மேச்சர் (சுருள் இழுக்கும் இரும்புத் துண்டு) மூடிய நிலையில் அளந்தேன்: மின்தடை 20 ஓம், மின்னோட்ட மாற்றத்தை எவ்வளவு எதிர்க்கும் என்பதைச் சொல்லும் தன்மின்தூண்டல் எண் 0.5 ஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்குத் தூண்டலால் எழும் எதிர்ப்பு) 157 ஓம் என்பதால், 0.15 ஆம்பியர்தான் ஓடும். கம்பியில் அரை வாட் வெப்பம்கூட எழாது. நேர்திசையில் அந்த மின்மறுப்பு மறைந்து 20 ஓம் மட்டுமே எஞ்ச, 1.2 ஆம்பியர் ஓடி 29 வாட் வெப்பம் எழுந்திருக்கிறது.

மின்தூண்டி, அதாவது இப்படிப்பட்ட சுருள், மின்னோட்டத்தையே தடுக்கிறது என்று விடுதி மாடியில் விடியும்வரை வாதாடினாயே, இப்போதாவது ஒப்புக்கொள். அது எதிர்ப்பது மின்னோட்டத்தின் மாற்றத்தை. இந்தச் சுருளில் மின்னோட்டம் முழு அளவின் 63 விழுக்காட்டை எட்டவே 25 மில்லி நொடி வேண்டும். மாறுதிசையிலோ 10 மில்லி நொடிக்கு ஒருமுறை மின்னழுத்தம் திசை மாறிவிடுவதால், வளரத் தொடங்கிய மின்னோட்டம் வளர்ந்து முடிவதே இல்லை, மின்னழுத்தத்துக்கு 83 பாகை பின்தங்கியே அலைகிறது. நேர்திசையில் எட்டில் ஒரு நொடிக்குள் அது முழு அளவை எட்டிவிடுகிறது. அதன் பின் சுருள் வெறும் கம்பிதான்.

இதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. பதறிப்போய் இணைப்பைப் பிடுங்கியபோது தீப்பொறி பறந்தது. மகள் கைநீட்டும் தொலைவில் நின்றிருந்தாள். ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால், அதைத் தொடரச் செய்யவே சுருள் பல நூறு வோல்ட்டைத் தானே எழுப்பும் என்று அறிந்திருந்தும், அந்த மின்னோட்டம் சுற்றித் தணிய வழிவிடும் ஒரு டையோடை (ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பு) குறுக்கே போடாமல் விட்டேன். நீண்ட கம்பியைத் துண்டிக்கும்போது எழும் இந்தப் பொறியைத்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1832இல் பதிவுசெய்தார். நம் ஆய்வுக்கூடத்து அண்ணன் இருந்திருந்தால் என்னை வெளியே நிறுத்தியிருப்பார்.

உன் பொறுப்பில் உள்ள காண்டாக்டர்களையும், அதாவது பெரிய மின்னோட்டத்துக்கான ரிலேக்களையும், ஒருமுறை பார்த்துவிடு. தூசு படிந்து ஆர்மேச்சர் முழுவதும் மூடாமல் நின்றால், காற்றிடைவெளியால் தூண்டல் எண் குறைந்து, மின்னோட்டம் கூடி, மாறுதிசைச் சுருளும் இப்படியே கருகும். உறுமல் கேட்டால் தள்ளிப்போடாதே. பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்